எண்பத்தோராம் இடத்துச் சிரிப்பு

2016 ஆகஸ்ட் 14ஆம் திகதி றியோ டி ஜெனெய்ரோவில் பெண்களுக்கான ஒலிம்பிக் மரதன் ஓட்டம் நடந்தது. அன்று இணையத்தின் வழியாக உலகைச் சுற்றி வந்த படங்களுள் ஒன்று, 81ஆம், 82ஆம் இடங்களுக்கு வந்தவர்களுடையது. அன்னா ஹானர், லீசா ஹானர் என்ற ஜேர்மன் இரட்டைச் சகோதரிகள் கைகோத்து, வாய் நிறையச் சிரித்தபடி முடிவுக்கோட்டைக் கடக்கும் படம் அது.

போட்டிக்கு முன்பே அவ்விருவரும் இணையத்தில் பிரபலமானவர்கள். அந்தப் பிரபலமே அவர்களுக்கு எதிரான சாட்சியாகவும் ஆயிற்று. ஊடகங்களின் கவனத்தை ஈர்ப்பதே அவர்களது நோக்கம், ஒலிம்பிக்கைப் பொழுதுபோக்கு ஓட்டமாக்கிவிட்டார்கள் என்று ஜேர்மன் மெய்வல்லுநர் சம்மேளனத்தின் பணிப்பாளர் ஒருவர் பகிரங்கமாகவே கண்டித்தார்.

கண்டனத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். 2014இல் பேர்லினில் 2 மணி 26 நிமிடம் 44 செக்கனில் ஓடிய அன்னா, றியோவில் எடுத்துக்கொண்டது 2 மணி 45 நிமிடம் 32 செக்கன். நாட்டின் பெயரை மார்பில் தாங்கி ஓடுபவரிடம் இதுபற்றிக் கேட்கலாம். ஆனால் கேள்வி நேரத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும். சிரிப்பைப் பற்றியதாக அல்ல. பின்தங்கியிருந்த தான் கடைசி இரண்டு கிலோமீற்றரில் முழு மூச்சாக ஓடி, முடிவுக்கு 300 மீற்றர் இருக்கும்போதுதான் சகோதரியை எட்டிப் பிடித்ததாக அன்னா விளக்கினார். அந்த இரண்டு கிலோமீற்றர் படத்தில் இல்லை.

வகுப்பறையில் நெடுங்காலம் புள்ளிப் பட்டியலோடு வாழ்பவன் நான். பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் புள்ளி போடக் கூடாது என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. அழுதுகொண்டு வருபவன் எல்லாம் உழைத்தவனுமல்லன்; சிரித்துக்கொண்டு வருபவன் எல்லாம் விளையாட்டுப் பிள்ளையுமல்லன்.

அதே ஓட்டத்தில் வட கொரியாவின் கிம் இரட்டையரும் ஒரே நேரக் கணக்கில் 10ஆம், 11ஆம் இடங்களுக்கு வந்தார்கள். பத்தாம் இடத்தில் ஒற்றுமையாகத் தெரிவது எண்பத்தோராம் இடத்தில் மட்டும் விளம்பரமாகி விடுமா? தங்கம் வென்ற கென்யாவின் ஜெமிமா சும்கொங் 2017இலும், வெள்ளி வென்ற பஹ்ரைனின் யூனிஸ் கிர்வா 2019இலும் ஊக்கமருந்துக் குற்றத்துக்காகத் தடை செய்யப்பட்டார்கள். றியோவில் வென்ற பதக்கங்கள் அவர்களிடமே இருக்கின்றன. ஒலிம்பிக்கின் மாண்புக்கு ஊறு செய்தது எது என்று அப்போது தீர்ப்புச் சொன்னவர்கள் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

ஆயினும் என் மனம் முழுவதுமாக அந்த இரட்டையர் பக்கம் சாய மறுக்கிறது. அன்று ஓடிய ஜேர்மன் பெண்களில் முதலாவதாக வந்தவர் அன்யா ஷேர்ல். 44ஆம் இடம், 2 மணி 37 நிமிடம் 23 செக்கன். சகோதரிகளுக்கு எட்டு நிமிடங்கள் முன்னதாகவே அவர் ஓடி முடித்துவிட்டார். புகழ்ந்தவர்கள் பகிர்ந்த படத்தில் அவர் இல்லை. இகழ்ந்தவர்களும் அதே படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இணையப் புகழின் அநீதி, அதைப் பெற்றவர்களிடத்தில் இல்லை. தனியாக, கைகோக்க எவருமின்றி, தன் ஓட்டத்தை ஒழுங்காக ஓடி முடித்தவளை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறதே, அதில்தான் இருக்கிறது.