ஆத்தங்குடித் தரை

புது வீட்டுக் கூடத்தை எப்படி அலங்கரிப்பது என்பதைப் பற்றி நமது குடும்பத்தில் மூன்று மாத காலம் மகாநாடு நடந்தது. கையிலிருந்ததோ ஒரே ஒரு சீட்டுப் பணம். குழந்தைகள் மூவரும் சோபா வேண்டுமென்று தீர்மானம் கொண்டு வந்தார்கள். வீட்டு அம்மாள், திரைச்சீலைகளும் ஒரு கண்ணாடி அலமாரியும் இருந்தால் போதும் என்றாள். நம் தாயார் மட்டும், "எதை வேண்டுமானாலும் வாங்குங்கள்; நான் தரையிலேதான் உட்காரப் போகிறேன்" என்று சொல்லிவிட்டார்.

தாயார் சொன்னது நம்மைச் சிந்திக்க வைத்தது. காய் நறுக்குவது, பூத் தொடுப்பது, குழந்தைகள் பாடம் எழுதுவது, மத்தியானம் சற்றுத் தலை சாய்ப்பது எல்லாம் நம் வீட்டில் தரையில்தான். சோபாவில் மூன்று பேர் உட்காரலாம். நாமோ ஆறு பேர். கூடத்தில் இன்னும் தளம் போடாமல் வெறும் கான்கிரீட்டாகவே கிடந்தது. சரி, பணத்தைத் தரையிலேயே போட்டுவிடுவது என்று துணிந்து, சிவகங்கை மாவட்டத்திலுள்ள ஆத்தங்குடிக்குக் குடும்ப சகிதம் பிரயாணமானோம்.

காரைக்குடியில் பஸ் மாறிப் போகவேண்டும். வழியெல்லாம் செம்மண்ணும் கருவேல மரமுமாக வறண்ட பூமி. இந்தப் பூமியின் நடுவேதான் திடீரென்று அரண்மனை போன்ற வீடுகள் எழும்பி நிற்கின்றன. ஆத்தங்குடியிலேயே லட்சுமி வீடு என்று ஒன்று இருக்கிறது. சிறு கட்டணம் கொடுத்தால் உள்ளே போய்ப் பார்க்கலாம். பர்மாவிலிருந்து வந்த தேக்கு, இத்தாலியிலிருந்து வந்த சலவைக்கல் என்று செட்டிநாட்டு வீடுகளின் பெருமையைப் பலர் எழுதியிருக்கிறார்கள். நம் கண்ணில் பட்டது வேறு. அவ்வளவு பெரிய கூடங்களில் சாமான் என்று சொல்லத்தக்கது அநேகமாக ஒன்றுமில்லை! தரையும் தூணும் வெளிச்சமுந்தான் அலங்காரம். கல்யாணம் என்றால் ஊரே வந்து உட்காரும் இடத்தில் நாற்காலியை எங்கே போடுவது?

கல் செய்யும் பட்டறைகள் ஊருக்குள் பல உண்டு. நாம் நுழைந்தது ஓலைக் கொட்டகை போட்ட ஒரு சிறு பட்டறை. சூளையைத் தேடினோம், காணவில்லை. இந்தக் கல்லைச் சுடுவதே இல்லையாம். மேஜையின் மேல் ஒரு கண்ணாடித் துண்டு. அதன் மேல் இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூ வடிவமாகத் தகட்டில் செய்த அச்சு. ஒருவர் சிறு கரண்டியால் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று சிமெண்டுச் சாயக் குழம்பை அறை அறையாக ஊற்றுகிறார். அச்சை மெதுவாய்த் தூக்குகிறார். ஒரு சாயம் இன்னொன்றோடு கலக்காமல் நிற்கிறது! பிறகு அதன்மேல் மணலும் சிமெண்டும் கலந்த உலர்ந்த பொடியைத் தூவி, ஈரக் கலவையைக் கொட்டி, கரணையால் அழுத்தி மட்டம் செய்கிறார். காய்ந்த பின் சில நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறவேண்டும், மறுபடி உலரவேண்டும். கண்ணாடி தானே விட்டு வரும்போது, அதன் பளபளப்பையும் கல் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறது. இயந்திரம் ஒன்றும் கிடையாது. அந்த ஊர்ப் பக்கத்து மணலும், ஒரு மனிதருடைய கை நிதானமுந்தான்.

தாயார் கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது வழுக்குமா?" என்று கேட்டார்.

"தண்ணி நின்னா எந்தத் தரையும் வழுக்கும், ஆச்சி. குளிக்கிற அறையிலே போடாதீங்க" என்றார் அவர். தம் சரக்கைப் பற்றி இவ்வளவு உண்மை சொல்லும் வியாபாரியைக் கண்டு வெகு நாளாயிற்று. புளியும் எலுமிச்சையும் சிந்தினால் உடனே துடைக்க வேண்டும், அமிலம் ஊற்றிக் கழுவவே கூடாது, ஈரத் துணியில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்து வந்தால் நாளாக நாளாக மெருகேறும் என்றும் சொன்னார்.

பிறகு கணக்குக்கு வந்தோம். கூடம் 10 அடிக்கு 12 அடி. கல் 8 அங்குலச் சதுரம். வரிசைக்கு 15 வீதம் 18 வரிசை. ஆக 270 கல். பூக்கல் முழுவதும் போட நம் சீட்டுப் பணம் இடம் கொடுக்கவில்லை. வீட்டு அம்மாள் முகம் வாடியது. அப்போது அவர் ஒரு யோசனை சொன்னார். நடுவே மலிவான வெறும் சிவப்புக் கல். ஓரம் சுற்றி மட்டும் பூக்கல். ஓரத்துக்கு 62 போதும். மீதி 208 சிவப்பு. லட்சுமி வீட்டில் அப்படித்தானே பார்த்தோம் என்பது அப்போதுதான் நமக்கு நினைவு வந்தது. திரைச்சீலைக்கும் கொஞ்சம் மிஞ்சியது. கண்ணாடி அலமாரி வாபஸ் பெறப்பட்டது.

திரும்பும் வழியில் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவிலுள்ள பழம்பொருள் கடைகளுக்குள் எட்டிப் பார்த்தோம். 1942-ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்த பிறகு செட்டிநாட்டின் செல்வ நிலை மாறிற்று. பின்னால் எத்தனையோ வீடுகள் இடிபட்டு, தூணும் கதவும் கடைக்கு வந்தன. செதுக்கு வேலை மிகுந்த ஒரு வாசற்காலைக் காட்டி, சுவரில் மாட்டினால் அழகாயிருக்கும் என்றார் கடைக்காரர். தாயாருக்குப் பிடிக்கவில்லை. "எத்தனை மணப்பெண்கள் தாண்டி வந்த வாசலோ!" என்று நகர்ந்துவிட்டார். நமக்கும் அதுவே அபிப்பிராயம். பழைய எனாமல் கிண்ணம் ஒன்றோடு ஊர் திரும்பினோம்.

கல் வந்து இறங்கியபோது, 62-ல் ஒன்றில் சிவப்புச் சாயம் சற்றே ஓடி, பூவிதழ் ஒன்று கோணியிருந்தது. கொத்தனார் அதை அரிசிப் பீப்பாய்க்கு அடியில் மறைத்துவிடலாம் என்றார். கடைசிப் பெண் கேட்கவில்லை. ஜன்னலோரத்தில் அதைப் பதிக்கச் செய்து, தன் தட்டை அங்கேதான் வைக்க வேண்டுமென்று இன்றளவும் சண்டை பிடிக்கிறாள்.