ஜவ்வாது மலையில் ஒரு பார் சிக்னல்

2025 மே 27, ராத்திரி பன்னிரண்டரை. ஜமுனாமரத்தூரில் தங்கியிருந்த ரூமை விட்டு ரோட்டுக்கு வந்து, போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். இதே மலையில், காவலூரில் 2.34 மீட்டர் டெலஸ்கோப்பில் எங்கேயோ இருக்கற நட்சத்திரமெல்லாம் தெரியுது. எனக்கு ஒரு பார் சிக்னல் தெரியலை.

மேட்டர் இதுதான். அயர்ன் மெய்டன் தங்களோட 50 வருஷக் கொண்டாட்ட டூரை அன்னிக்குத்தான் புடாபெஸ்டில் ஆரம்பிக்கறாங்க. 1980-லேர்ந்து 1992 வரை வந்த ஒன்பது ஆல்பத்துப் பாட்டு மட்டும்தான்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. முதல் பாட்டு எதுன்னு எனக்கும் பெரியப்பா பையனுக்கும் மாசக்கணக்கா சண்டை.

அண்ணன் 2007-ல் பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் நேர்லயே பார்த்தவர். எனக்கு அப்ப பத்து வயசு. 2009-லும் வந்தாங்க. நான் சம்பாதிக்க ஆரம்பிச்ச பிறகு இந்தப் பக்கமே வரலை. 2024 டிசம்பரோடு டிரம்மர் நிக்கோ மெக்பிரைன் டூர் போறதை நிறுத்திட்டார். அவர் வாசிச்சு நேர்ல கேட்கற ஆசை அத்தோட போச்சு.

இதுல கூத்து என்னன்னா, ஷோவை போனில் படம் எடுக்காதீங்கன்னு மேனேஜர் ராட் ஸ்மால்வுட் ரசிகர்களைக் கேட்டுக்கிட்டார். நியாயம்தான், டிக்கெட் வாங்கி உள்ளே நிக்கறவனுக்கு. எனக்கெல்லாம் யாராவது ஒரு புண்ணியவான் அந்தப் பேச்சைக் கேட்காம இருந்தாத்தான் டூரே!

ஒரு மணி சுமாருக்கு அண்ணன் மெசேஜ் வந்து விழுந்தது. "மர்டர்ஸ் இன் த ரூ மோர்க்-ல ஆரம்பிச்சுட்டாங்கடா. நான் சொன்னேன்ல?"

கூடவே ஒரு வீடியோ லிங்க். அமுக்கினேன். வட்டம் சுத்திக்கிட்டே இருந்தது. நானும் நின்னுக்கிட்டே இருந்தேன்.