ஏ-வா, யூ-வா?

தங்கை கல்யாணப் பத்திரிகையின் ஆங்கிலப் பக்கத்தை வடிவமைக்கும் பொறுப்பு, கம்ப்யூட்டர்காரன் என்பதால், என் தலையில் விழுந்தது. 'ஓல்டு இங்கிலீஷ்' எழுத்துருவில், பெயர்கள் முழுவதையும் கேப்பிட்டலில் போட்டேன். தடித்த, கூர்மையான, கோயில் கதவு மாதிரி கனத்த எழுத்துகள். அப்பா புரூஃபைப் பார்த்து "ஜோரா இருக்குடா" என்றார்.

ராத்திரி உப்பிலியபுரம் வீட்டுத் திண்ணையில், மகள் பெயர் மேல் விரல் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். உர மூட்டையையும் பஸ் போர்டையும் பார்த்தே ஆங்கில எழுத்து பழகியவர்.

"இது ஏ-வா, யூ-வா?"

எனக்கே ஒரு நிமிஷம் தெரியவில்லை.

இந்த எழுத்தின் குலம் பெரியது. 1450களில் கூட்டன்பர்க் பைபிளை அச்சடித்தது இந்த வகையில்தான். அகன்ற பேனா முனையின் கையெழுத்தை உலோகத்தில் வார்த்தார். ஜெர்மனி 20ஆம் நூற்றாண்டு வரை இதில் படித்தது. 1941இல் நாஜி அரசு 'யூத எழுத்து' என்று பழி சொல்லிக் கைவிட்டது. இன்று நாளிதழ் பெயர், பட்டச் சான்றிதழ், மெட்டல் இசைக்குழு, பீர் பாட்டில் என்று ஓரிரு சொற்களில் பிழைக்கிறது. அங்கே யாரும் எழுத்துக்கூட்ட வேண்டாம். அடையாளம் தெரிந்தால் போதும். அதன் கேப்பிட்டல்கள் சொல்லின் முதலில் தனியாக நிற்கப் பிறந்தவை. வரிசையாக நிறுத்தினால் ஒன்றும் விளங்காது.

காலையில் பெயர்களையெல்லாம் எளிய எழுத்துக்கு மாற்றினேன். 'வெட்டிங் இன்விடேஷன்' தலைப்பை மட்டும் விட்டுவைத்தேன்.

அப்பா மகள் பெயரைச் சத்தமாக எழுத்துக்கூட்டி முடித்தார். பிறகு சொன்னார்: "பேரு கொஞ்சம் இளைச்சுப்போச்சேடா."