முக்கடல் ஓரத்துக்கு எந்தக் கேமரா?

நாகர்கோவிலில் குடியிருப்பவர்கள் வீட்டுக்கு வருஷம் முழுவதும் விருந்தாளிகள் உண்டு. வருகிறவர்கள் எல்லோரும் சொல்லி வைத்தாற்போல் ஒன்றைத்தான் கேட்பார்கள். "சூரிய உதயம் பார்க்கணும், போட்டோ எடுக்கணும்." விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, பிளாஸ்கில் காப்பி ஊற்றிக்கொண்டு கன்னியாகுமரிக்குப் போய் நிற்போம். எல்லோரும் செல்போனைத் தூக்கிப் பிடிப்பார்கள். படத்தில் சூரியன் ஒரு வெள்ளைப் பொட்டு. முன்னால் நிற்கிற மனுஷர் கரிக்கட்டை!

போன வருஷம் சீட்டுப் பணம் முப்பதாயிரம் கைக்கு வந்தது. நான் நகைக்கடைப் பக்கம் போகவில்லை. ஒரு கேமரா வாங்குவது என்று தீர்மானித்தேன். "செல்போன் இருக்கையிலே கேமரா எதுக்கு?" என்றார் என் கணவர். கல்லூரியில் படிக்கும் மகளோ, "பிலிம் கேமரா வாங்கும்மா, இப்போ அதுதான் பேஷன்" என்றாள். அத்தை ஒன்றும் சொல்லாமல் பரணிலிருந்து ஒரு தகரச் சம்படத்தை இறக்கித் தந்தார்கள். உள்ளே பழைய அக்பா கிளிக் கேமரா! வெயிலுக்கு ஒரு குறி, மேகத்துக்கு ஒரு குறி, ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். அவ்வளவுதான் அதன் சாஸ்திரம்.

கடைக்குப் போவதற்கு முன் மாவட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. தெரிந்த ஸ்டூடியோ அண்ணாச்சி ஒரு பிலிம் கேமராவும் ஒரு டிஜிட்டலும் இரண்டு வாரத்துக்குக் கொடுத்தார். இவருடைய செல்போனும் கூட வந்தது, இவரும் வந்தார்.

முதலில் குமரிமுனை. 1970-ல் திறந்த விவேகானந்தர் பாறை, 2000 ஜனவரி முதல் தேதி திறந்த 133 அடி வள்ளுவர், 2024 டிசம்பரில் இரண்டுக்கும் நடுவே போட்ட 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் எல்லாம் ஒரே படத்தில் அடங்கும். ஆனால் எதிரே சூரியன் இருக்கிறதே! இங்கேதான் பிலிமுக்கும் டிஜிட்டலுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தது. கலர் நெகட்டிவ் பிலிம் வெளிச்சம் கொஞ்சம் கூடினாலும் தாங்கிக்கொள்ளும். சூரியனைச் சுற்றி அந்த ஆரஞ்சு நிறம் மிஞ்சும். டிஜிட்டலில் வெளிச்சம் மிஞ்சிப் போன இடம் வெறும் வெள்ளைதான், பிறகு என்ன செய்தாலும் நிறம் திரும்பாது. அதனால் டிஜிட்டலில் எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்து வைத்தே எடுக்க வேண்டும். செல்போனிலும் திரையில் சூரியனைத் தொட்டு, வெளிச்சத்தைக் கீழே இழுத்துக்கொள்ளலாம். முன்னால் நிற்பவர் முகம் இருட்டாகும், உண்மைதான். இரண்டும் வேண்டுமென்றால் சூரியன் எழும்பி அரை மணி கழித்து, அவரை வெயிலைப் பார்த்து நிற்கச் சொல்லுங்கள்.

அஸ்தமனத்துக்கு வருகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். குமரிமுனையில் சூரியன் கடலுக்குள் இறங்குவதை ஐப்பசியிலிருந்து மாசி வரைதான் பார்க்கலாம். மற்ற மாதங்களில் அது வடக்கே ஒதுங்கிக் கரைப் பக்கம் மறைந்துவிடும். சித்திரை, வைகாசி லீவில் வந்து ஏமாந்து போகிறவர்கள் எத்தனை பேர்! அவர்கள் முட்டத்துக்குப் போகட்டும். அங்கே கரை வடமேற்காகத் திரும்புவதால் வருஷம் முழுவதும் கடலில்தான் அஸ்தமனம். செம்மண் மேடு, பாறைகள், கலங்கரை விளக்கம்... பாரதிராஜா 'அலைகள் ஓய்வதில்லை' படத்தை 1981-ல் அங்கே வந்து எடுத்ததில் ஆச்சரியமே இல்லை.

பத்மநாபபுரம் அரண்மனையில் பிலிம் தோற்றது. தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த மர அரண்மனையை இன்றும் கேரள அரசுதான் பராமரிக்கிறது. உள்ளே ஒரே நிழல். ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் வண்ண அபிரகத் தகடு வைத்த ஜன்னல்கள். அதன் வழியே வரும் வெளிச்சம் முகத்தில் மஞ்சள் பூசினாற்போல் இருக்கும். தரையோ சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளையும் சேர்த்து இழைத்தது என்பார்கள், கண்ணாடி மாதிரி மின்னும். கேமராவில் 400 ஐஎஸ்ஓ ரோல் இருந்தது. 400 என்றால் அந்த ரோல் முடியும் வரை 400தான். கை ஆடி, முக்கால்வாசிப் படம் கலங்கிப் போயிற்று. டிஜிட்டலில் 1600-க்கு ஏற்றிக்கொண்டேன், ஜன்னல் அப்படியே வந்தது. பிளாஷ் போட வேண்டாம், தரை திருப்பி அடிக்கும்.

1966-ல் கட்டிய மாத்தூர் தொட்டிப் பாலத்தில் இவர் கட்சி ஜெயித்தது. 115 அடி உயரப் பாலத்தை ஆற்றங்கரையில் நின்று எடுக்க அகலமாய்ப் பார்க்கிற கண் வேண்டும். செல்போனில் அது இருக்கிறது. "பாத்தியா?" என்றார். ஒப்புக்கொண்டேன். ஆனால் முட்டத்தில் தூரத்து வள்ளத்தைக் கிட்டே இழுத்தபோது அதே செல்போன் படம் களிமண் பொம்மை மாதிரி ஆயிற்று. அது லென்ஸ் செய்கிற வேலை. மென்பொருள் எவ்வளவுதான் ஈடு கட்டும்?

இனி பணக் கணக்கு. முப்பத்தாறு படம் உள்ள ஒரு கலர் ரோல் எனக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆயிற்று. அதைக் கழுவ அண்ணாச்சி சென்னைக்குக் கூரியர் அனுப்பினார், அதற்குத் தனிக் காசு. ஒரு காலத்தில் ஊட்டியில் மத்திய அரசின் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் பிலிம் செய்து ஊரெங்கும் விற்றது. அதை மூடிவிட்டார்கள். இத்தனைக்கும் முதல் டிஜிட்டல் கேமராவை 1975-ல் செய்தவர் ஸ்டீவன் சாஸன், பிலிம் விற்ற கோடக் கம்பெனியின் என்ஜினீயர்! அது கிட்டத்தட்ட நாலு கிலோ எடை; ஒரு படத்தை கேசட் நாடாவில் பதிய 23 விநாடி பிடித்ததாம்.

டிஜிட்டல் என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டிருந்த சமயம், மீன் கொண்டு வரும் அக்காவிடம் இதைப் பேசினேன். குளச்சல் பக்கம் அவர் வீடு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தம்பியும் போய், வீட்டிலிருந்த ஆல்பமும் போயிற்று. ஒரு உறவுக்காரர் வீட்டுக் கல்யாணப் படத்தில் ஓரமாக நின்றதுதான் தம்பிக்கு மிச்சம். அதைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார். "எந்த மெஷின்லே எடுத்தா என்ன மக்ளே, ரெண்டு வீட்லே இருக்கணும்" என்றார்.

அந்தப் பேச்சு என் பட்ஜெட்டையே மாற்றிவிட்டது. புது டிஜிட்டல் வாங்க வைத்திருந்த பணத்தில், சாதாரண 18-55 லென்ஸோடு ஒரு பழைய டிஜிட்டல் இருபத்திரண்டாயிரத்துக்கு வாங்கினேன். பழையது வாங்குகிறவர்கள் லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், சிலந்தி வலை போல் தெரிந்தால் பூசணம். எத்தனை ஆயிரம் படம் எடுத்தது என்றும் கேளுங்கள். மிச்ச எட்டாயிரம் பிரிண்டுக்கு. மாதம் பத்துப் படம் பிரிண்ட் போட்டு, ஒரு பிரதி இங்கே, ஒன்று தங்கை வீட்டில். ஆல்பம் நனைந்துவிட்டால் ஒட்டிக் காய விடாதீர்கள். நல்ல தண்ணீரில் மெதுவாக அலசி, படத்தின் முகத்தைத் தேய்க்காமல், நிழலில் துணி மேல் மலர்த்திப் போடுங்கள்.

நம் கடல் காற்றுக்குக் கேமராவையும் காப்பாற்ற வேண்டும். லென்ஸுக்கு முன்னால் ஒரு யூவி கண்ணாடி, வீட்டுக்கு வந்ததும் லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் உடம்பை ஒற்றி எடுப்பது, பிறகு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான டப்பா. அரிசிக்குள் புதைக்க வேண்டாம், தவிடு உள்ளே போகும். அத்தையின் அக்பாவுக்கும் வருஷத்துக்கு ஒரு ரோல் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். பன்னிரண்டில் யாரை எடுப்பது என்று இப்போதே பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

புறப்படுகிறவர்களுக்கு ஒரு விஷயம். பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை.