மீனுக்கெல்லாமா ஜாதகம்?

ஜிலேபி கெண்டை தெரியுமில்லையா? 1952-ல இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்கக்காரர். அவரோட பங்காளிங்கதான் கண்ணாடித் தொட்டியில நீந்துற சிக்லிட் வகையறா. வல்லக்கோட்டைல எங்க வீட்டு போர் தண்ணியில பருப்பு வேகாது. ஆனா மலாவி ஏரி மீனுக்கு அந்தக் கடினத் தண்ணிதான் அமிர்தம். அதனால ஆறு வருஷமா அதுங்களையே வளர்க்கிறேன்.

சரி, மேட்டருக்கு வர்றேன். போன மாசம் கொளத்தூர் போனப்ப ஒரு கடைல 'எல்லோ லேப்' குஞ்சுன்னு காட்டினாங்க. மஞ்சள்ல ஆரஞ்சு சாயல், உடம்புல செங்குத்தா கோடுகள். நல்ல எல்லோ லேபுக்கு முதுகுத் துடுப்புல கறுப்புப் பட்டை இருக்கும், உடம்பு பளிச்னு மஞ்சளா இருக்கும். "இதுல ரெட் ஸீப்ரா கலந்திருக்கும் போலிருக்கே"ன்னேன். "என்னா சார், மீனுக்கெல்லாமா ஜாதகம் பாப்பீங்க?"ன்னார் கடைக்காரர்.

சிரிச்சிட்டு வந்துட்டேன். ஆனா கேள்வி நியாயமானது. மனுஷங்க விஷயத்துல 'சுத்தம்', 'கலப்பு'ன்னு எவனாவது ஆரம்பிச்சா எழுந்து போயிடுற ஆளு நான். மீனுக்கு மட்டும் ஏன் பார்க்கிறேன்?

கலப்பு மேல எனக்குக் கோபம் கிடையாது. மண்டையில கொழுக்கட்டையோட வாஸ்து மீன்னு நம்மூர்ல விக்கிற ஃப்ளவர்ஹார்ன், 1990-கள்ல மலேசியாவுல உருவாக்கின கலப்புதான். அதை யாரும் ஒளிக்கலை. அதுக்குன்னு தனிப் பேரே இருக்கு. எனக்கு உறுத்துறது, கலப்புக் குஞ்சை இன்னொரு மீனோட பேர்ல விக்கிறது.

எல்லோ லேப் இனம் மலாவி ஏரியில பல இடத்துல வெள்ளை, நீலம்னுதான் இருக்கும். மஞ்சளா இருக்கிறது லயன்ஸ் கோவ் பக்கம் ஒரு சின்னக் கரையில மட்டும்தான். எல்லோ லேபும் ஸீப்ராவும் தனித்தனியா கையில இருந்தா கலப்பை எப்ப வேணா பண்ணிக்கலாம். எல்லாம் கலந்துபோன தொட்டியிலேருந்து பழைய மஞ்சளை எப்படிப் பிரிச்செடுக்கிறது?

கலக்கிறதும் ரொம்ப சுலபம். தன் இனத்து ஆண் இல்லைன்னா பெண் மீன் பக்கத்து இனத்தோட சேர்ந்துடும். மூணு வாரத்துக்கு மேல வாயிலேயே அடைகாத்து குஞ்சைத் துப்பும்போது அப்பா யாருன்னு சொல்லவா போகுது? :-) ஏரியிலயே நடக்குதுங்க. விக்டோரியா ஏரியில தண்ணி கலங்கினதால பெண் மீன்களுக்கு ஆணோட நிறம் சரியா தெரியாம இனங்கள் கலக்குதுன்னு ஓலே ஸீஹவுசன் குழுவினர் 1997-லயே எழுதிட்டாங்க.

ஒரகடத்துல நான் வேலை பார்க்கிற கம்பெனியில லாட் நம்பர் இல்லாத போல்ட் டப்பா லைனுக்கே போகாது. போல்ட் தரமாவே இருக்கலாம், ஆனா எங்கேயிருந்து வந்ததுன்னு தெரியாதே! அந்தப் பழக்கம் வீட்டுத் தொட்டிக்கும் வந்துடுச்சு. குஞ்சு எடுக்கிற தொட்டியில ஒரே இனம்தான். யாருக்காவது கொடுத்தா பை மேல பேரு, தேதி, தாய் மீன் எங்க வாங்கினதுங்கிறதை மார்க்கர்ல எழுதித்தான் தருவேன். பெரிய தொட்டியில தானா கலந்து பொறந்த பயலுங்க நாலு பேர் பக்கத்து வீட்டு வாண்டுகிட்ட இருக்காங்க. அந்தப் பை மேலயும் கொட்டை எழுத்துல 'கலப்பு'ன்னு எழுதினேன். அவன் அதையே பேரா வச்சுட்டான், நாலுக்கும்!