பங்குக்குப் போனவர் கூலியாளா, கூட்டாளியா?

“இவர் வேலை தேடிப் போனவரே இல்லை, ஐயா. இருபது வருஷம் சொந்த வல்லம் வைத்துத் தொழில் பார்த்தவர். முதலீடு போட்டார், நஷ்டப்பட்டார். அதைக் குற்ற வழக்காக்கிவிட்டார்.”

தூத்துக்குடி நீதித்துறை நடுவர் மன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் விடுவிப்பு மனுவை வாதிட்டது இப்படித்தான். கெட்டிக்கார வாதம். அதில் சொந்த வல்லம் பற்றிய பகுதி முழு உண்மை என்பதுதான் எனக்கு இருந்த சங்கடம்.

என் கட்சிக்காரர் திரேஸ்புரத்துக்காரர். வல்லம், இன்ஜின், வலை எல்லாம் அவருடையது. கூட நாலைந்து பேரைப் பங்குக்கு அழைத்துப் போவார். பிடிபட்ட மீனை விற்ற காசில் எண்ணெய், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்து, மிச்சத்தில் படகுக்கு ஒரு பகுதி, ஆட்களுக்கு ஒரு பகுதி. ஆள் வேறு வல்லத்துக்குப் போய்விடாமலிருக்க முன்பணமும் கொடுத்து வைத்திருந்தார். அதற்கான காசை ஏலக்காரரிடம் வாங்குவார். பதிலுக்கு மீனை அவருக்கே போட வேண்டும், அவர் சொன்னதுதான் விலை. வட்டி என்ற பேச்சே எழாது, ஆனால் கடன் தீரவும் தீராது. கடைசியில் எல்லாவற்றையும் விற்று ஏலக்காரர் கணக்கை முடித்தார். கையில் நின்ற பணத்தில் ஒன்றரை லட்சத்தை, ஈரானில் மீன்பிடி வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன ஒரு தரகரிடம் கொடுத்தார். பதிவு பெற்ற முகவரே வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். இந்தத் தரகர் பதிவே இல்லாதவர்.

தரகர் நீட்டிய முத்திரைத்தாளில் ‘மீன்பிடித் தொழில் முதலீடு’ என்று எழுதியிருந்தது. ஏலக்காரரிடம் காலமெல்லாம் தாளில் கையெழுத்துப் போட்டுப் பழகியவர், இதிலும் போட்டுவிட்டார். வேலைக்குப் போகிறவன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றையும் கேட்கவில்லை: சம்பளம் எவ்வளவு, முதலாளி யார், ஒப்பந்தம் எங்கே? முதலாளியாக இருந்தவருக்கு அந்தக் கேள்விகள் வாயில் வராது. தன்னிடம் வந்த ஆட்களும் அவரை அப்படிக் கேட்டதில்லையே.

விமான நிலையத்திலும் யாரும் கேட்கவில்லை. பத்தாவது முடிக்காதவர் சவூதி, குவைத், பஹ்ரைன் முதலான 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி வேண்டும். ஈரான் அந்தப் பட்டியலில் இல்லை.

2019 கடைசியில் என்னிடம் வந்தது அவருடைய மனைவி. “சார், அவுக பாஸ்போர்ட்ட போட்டுக்காரன் வாங்கி வச்சிக்கிட்டானாம். மாசக்கணக்கா ஒரு பைசா அனுப்பல. பங்கு கழிஞ்சிபோச்சுங்கானாம்” என்றார்.

1983இல் வந்த இரண்டு சட்டங்கள் இந்த மனிதரைத் தொட்டன. ஒன்று தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். வல்லத்தைப் பதிவு செய்தவர் என்பதால் அது அவருக்குத் தெரியும். மற்றது மத்திய அரசின் குடிபெயர்வுச் சட்டம். பதிவில்லாமல் ஆள் அனுப்பினால் குற்றம் என்கிறது அது. அதன் 27ஆம் பிரிவுப்படி வழக்குப் போட மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். ஆனால் பாதிக்கப்பட்டவரோ, அவர் சார்பில் தாய், தகப்பன், மனைவி, பிள்ளை, உடன்பிறந்தார் போன்றவர்களோ புகார் கொடுத்தால் அனுமதி தேவையில்லை. சட்டம் எழுதியவர்களில் யாரோ ஒருவருக்கு, ஆள் கடலுக்கு அப்பால் இருக்கும்போது வீட்டில் இருக்கிறவள்தான் கோர்ட் ஏறுவாள் என்பது தெரிந்திருக்கிறது. அந்த அம்மாவின் பெயரிலேயே தனிப்புகார் போட்டேன்.

பிறகு கொரோனா. ஈரானில் தமிழக மீனவர்கள் நூற்றுக்கணக்கில் சிக்கியிருந்தார்கள். ‘சமுத்திர சேது’ நடவடிக்கையில் கடற்படையின் ஜலாஷ்வா கப்பல் பந்தர் அப்பாஸிலிருந்து 687 பேரை ஏற்றிக்கொண்டு 2020 ஜூலை 1 அன்று தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்துக்கு வந்தது. அதில் அவரும் இருந்தார். வழக்குக்கு முதல் சாட்சி உள்ளூர்த் துறைமுகத்திலேயே வந்து இறங்கியது எந்த வக்கீலுக்கும் கிடைக்காத யோகம்.

விடுவிப்பு மனுவுக்கு வருகிறேன். பங்குக்குப் போனவர் கூட்டாளி, தொழிலாளி இல்லை என்பது அவர்கள் கட்சி. 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் 6ஆம் பிரிவை எடுத்து வைத்தேன். லாபத்தில் பங்கு வாங்குவதாலேயே ஒருவர் கூட்டாளி ஆகிவிடமாட்டார். வேலையாள் ஊதியமாகவும் பங்கு வாங்கலாம் என்று விளக்கமே சொல்கிறது. போட்டு யாருடையது? எப்போது கடலுக்குப் போவது என்று யார் சொன்னது? மீனுக்கு விலை வைத்தது யார்? பாஸ்போர்ட் யார் பெட்டியில் இருந்தது? கூட்டாளியின் பாஸ்போர்ட்டைப் பூட்டி வைக்கிற கூட்டாளி உண்டா?

அத்தோடு ஒரு உள்ளூர்ச் சங்கதியும் சொன்னேன். இந்தக் கடற்கரையில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு குளியாளிக்கு. அதற்காகக் குளியாளியை யாரும் சர்க்காரின் கூட்டாளி என்று சொன்னதில்லை. நடுவர் அதை ரசித்தாரா என்று தெரியாது. உத்தரவில் 6ஆம் பிரிவு மட்டும்தான் இருந்தது. மனு தள்ளுபடி.

விசாரணையில் முத்திரைத்தாளை உடைத்தது தரகரின் வாட்ஸ்அப் குரல்பதிவு. “போட்டுக்கு ஆள் கேக்காங்க, சீக்கிரம் வாரும்” என்று அதில் கூப்பிடுகிறார். முதலீட்டாளரை யார் அப்படிக் கூப்பிடுவார்கள்? மின்னணுச் சாட்சிக்கு வேண்டிய 65பி சான்றிதழோடு அதைத் தாக்கல் செய்தோம். அவர் பதிவு பெற்ற முகவர் இல்லை என்று சென்னைக் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் எழுதிய பதிலும் சேர்ந்தது.

ஆறு மாதச் சிறை, 2,000 ரூபாய் அபராதம். அபராதத்துக்குச் சட்டம் வைத்த உச்சமே அவ்வளவுதான். ஒன்றரை லட்சம் வாங்கியவருக்கு அது டீச்செலவு. தரகர் மேல்முறையீட்டுக்குப் போனார். பணத்துக்காகத் தனியே உரிமையியல் வழக்குப் போட்டு, மக்கள் நீதிமன்றத்தில் தவணை பேசி முடித்தோம். கடைசி இரண்டு தவணைகளை நிறைவேற்று மனு போட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது.

வந்த பணத்தில் கொஞ்சத்தை என் கட்சிக்காரர் மச்சானின் வல்லத்துக்கு வலை வாங்கப் போட்டார். அதற்கு ஒரு தாள் எழுதித் தரச் சொல்லி மச்சானையும் கூட்டிக்கொண்டு வந்தார். படகுக்கு எத்தனை பங்கு, வலைக்கு எத்தனை, ஆளுக்கு எத்தனை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி எழுத வைத்தார். “மச்சினனுக்குள்ள எதுக்கு மச்சான் இதெல்லாம்?” என்று அவன் சிணுங்கிக்கொண்டே கையெழுத்துப் போட்டான்.