தொட்டிக்குள் ஒரு நோயாளி

நோயாளிகளில் பல வகை உண்டு. லேசான தலைவலிக்குத் தெருவே அறியும்படி முனகுகிறவர்கள் ஒரு வகை. மூச்சுத் திணறும் வேளையிலும் "எனக்கு ஒன்றுமில்லை" என்று சாதிக்கிறவர்கள் இன்னொரு வகை. குழந்தை நோயுற்றால் அழுது காட்டும். மாடு தீனியை மறுத்து நிற்கும். நாய் மூலையில் சுருண்டு படுக்கும். ஆனால் மீன் என்னும் நோயாளி இருக்கிறதே, அதன் விஷயமே அலாதி. அதற்குக் குரல் இல்லை. நாடி பிடித்துப் பார்க்கக் கை இல்லை. வெளியே எடுத்துப் பரிசோதிக்கலாமென்றால், அந்தப் பரிசோதனையே யமனாக வந்து முடியும். அதிலும் கெளுத்தி ஜாதி மீனாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். நல்ல ஆரோக்கியத்துடன் இருக்கும்போதே அது தொட்டியின் அடியில் அசையாமல் கிடக்கும். இளைப்பாறுகிறதா, இறந்து கொண்டிருக்கிறதா என்று கண்டுபிடிப்பதே ஒரு சாஸ்திரம்.

கெளுத்தி என்றதும் நம்மூர் ஏரிக் கெளுத்தியையோ, முள்ளால் குத்தி விஷமேற்றும் தேளியையோ நினைத்துக் கொள்ள வேண்டாம். நான் சொல்ல வந்தது, தென் அமெரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்டு, இன்று நம் வீட்டுக் கூடங்களில் குடியேறியிருக்கும் கோரிடோராஸ் என்ற சிறு கெளுத்தியைப் பற்றி. இரண்டரை அங்குல நீளம் இருந்தால் அதிகம். செதிலுக்குப் பதிலாக, விலாவின் இரு பக்கமும் இரண்டு வரிசை எலும்புத் தகடுகள். பழைய காலத்துப் போர்வீரனின் கவசம் போல. வாயோரத்தில் மீசை. அந்த மீசையால் மணலைத் துழாவித் துழாவி இரை தேடுவது அதன் ஓயாத தொழில். இதற்கு ஒரு விசித்திரமான பழக்கமும் உண்டு. இருந்தாற்போலிருந்து விர்ரென்று மேலே கிளம்பி, ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டு, மறுகணம் அடிக்குத் திரும்பிவிடும். அந்தக் காற்றிலுள்ள பிராணவாயுவை அதன் பின்குடல் உறிஞ்சிக் கொள்கிறது. வயிற்றால் மூச்சு விடும் பிராணி என்றால் நம்புவதற்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் அதுவே உண்மை.

இப்படிப்பட்ட கெளுத்திகள் ஆறு எங்கள் பள்ளிக்கூடத்து விஞ்ஞான அறையில் வாசம் செய்து வந்தன. சென்னையில் கொளத்தூர் வண்ண மீன் வியாபாரத்துக்குப் பேர்போன இடம். அங்கே வாங்கி வந்தவை. 90 லிட்டர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி. துணைக்கு ஒரு டஜன் கப்பி மீன்கள். எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தினமும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் அவற்றின் யோக க்ஷேமத்தை எழுதி வருவாள். சென்ற ஏப்ரல் மாதத்தில், விடைத்தாள் திருத்தும் பணிக்காக நான் ஐந்து நாள் வெளியூர் சென்றிருந்தேன். திரும்பி வந்த அன்று காலை அந்தச் சிறுமி பள்ளியின் வாசலிலேயே காத்துக்கொண்டு நின்றாள்.

"ஸார், ஒரு கெளுத்தி சாய்ந்து படுத்திருக்கிறது. கூப்பிட்டால் கூட வரவில்லை" என்றாள். கெளுத்தி கூப்பிட்டால் வருமா என்று விவாதிக்க அது சமயமல்ல. அவள் கண்கள் ஏற்கெனவே கலங்கியிருந்தன.

விஞ்ஞான அறைக்குள் போனால், அங்கே ஒரு வைத்திய மகாநாடே கூடியிருந்தது. சக ஆசிரியர் ஒருவர் கையில் மாத்திரைக் குப்பி. மனிதருக்குக் கொடுக்கும் கிருமிக்கொல்லி மருந்து. "இதில் இரண்டு குப்பியைப் பிரித்துக் கொட்டுங்கள் ஸார், சாயங்காலம் துள்ளி விளையாடும்" என்றார். மற்றொருவர் கடையில் விற்கும் நீல மருந்தைச் சிபாரிசு செய்தார். மூன்றாமவர், "ஒரு பிடி உப்பைப் போட்டால் போகாத நோய் உண்டா?" என்றார். நோய் இன்னதென்று சொன்னவர் மட்டும் அங்கே ஒருவரும் இல்லை. மருந்து கையில் இருக்கும்போது நோயைப் பற்றி யோசிப்பானேன் என்பது நம்மில் பலருடைய சித்தாந்தம்.

நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கால் மணி நேரம் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மீன் வைத்தியத்தில் முதல் மருந்து இதுதான், செலவும் இல்லை. உடம்பில் உப்புக் கல் தூவினாற்போல் வெண் புள்ளிகள் இருக்கின்றனவா? இல்லை. இருந்தால் அது வெண்புள்ளி நோய். ஒட்டுண்ணி தோலுக்குள் புதைந்திருக்கும்வரை மருந்து அதைத் தீண்டாது. அது வெளியேறி நீரில் நீந்தும் பருவத்தில்தான் பிடிக்க வேண்டும். வாயோரத்திலோ துடுப்பிலோ பஞ்சு ஒட்டினாற்போல் திட்டுகள் உண்டா? இல்லை. அப்படிப்பட்ட திட்டுகளைக் காளான் என்று பலர் நினைப்பார்கள். பல சமயங்களில் அது பாக்டீரியாவின் வேலையாக இருக்கும். வயிறு உப்பியிருக்கிறதா? இல்லை. மீசை தேய்ந்திருக்கிறதா? நுனியில் கொஞ்சம் சிவந்திருந்தது. செவுள் மூடி மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

சிறுமியிடம் கைக்கடிகாரத்தைக் கொடுத்து, மற்ற ஐந்து கெளுத்திகளும் மேலே போய்க் காற்று விழுங்குவதை எண்ணச் சொன்னேன். அவள் தன் நோட்டுப் புத்தகத்தின் பழைய பக்கங்களோடு ஒப்பிட்டுவிட்டு, "வழக்கத்தைவிட மூன்று பங்கு, ஸார்" என்றாள். கப்பி மீன்களும் நீர் மட்டத்தை ஒட்டியே மிதந்துகொண்டிருந்தன. படுத்திருந்தது ஒன்று, நோயுற்றவையோ எல்லாமும். வீட்டில் ஒருவர் படுத்தால் அவருக்கு மருந்து தேட வேண்டும். வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே நாளில் படுத்தால், கிணற்றை எட்டிப் பார்க்க வேண்டும்.

எனவே நீரைச் சோதித்தோம். சோதனைக் குழாயில் மருந்துச் சொட்டுகளை விட்டதும் நீர் கரும் பச்சையாக மாறியது. லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா! நிலைபெற்ற தொட்டியில் அது இல்லவே இல்லை என்றுதான் காட்ட வேண்டும். போதாக்குறைக்கு, நீரின் காரத்தன்மை 8 என்ற எண்ணைத் தொட்டிருந்தது. அந்த எண் 7 ஆக இருக்கும்போது, அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே கொடிய விஷ ரூபத்தில் இருக்கும். 8 ஆகிவிட்டால் ஏறக்குறைய ஐந்து பங்கு விஷமாகும். வெயிலும் தன் பங்குக்கு உதவி செய்தது. 25 டிகிரி வெப்பத்தில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேலாகப் பிராணவாயுவைத் தாங்கும் நீர், 32 டிகிரியில் 7-க்குச் சற்று மேலாகத்தான் தாங்கும். செவுள் வெந்துபோன பிராணிக்கு மூச்சுக் காற்றும் குறைந்தால் என்ன ஆகும்?

இந்த விஷம் எங்கிருந்து வந்தது? மீன்கள்தாம் அதைச் செவுள் வழியாக ஓயாமல் வெளியிடுகின்றன. நாள்தோறும் அதைத் துடைத்துவந்த தோட்டிகள் திடீரென்று காணாமல் போயிருந்தார்கள். அந்தத் தோட்டிகள், வடிகட்டியின் பஞ்சில் பழுப்பாகப் படிந்திருக்கும் நுண்ணுயிர்கள். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். மற்றொரு கூட்டம் நைட்ரைட்டை அவ்வளவாகக் கெடுதியில்லாத நைட்ரேட் ஆக்கும். 1890-ஆம் ஆண்டை ஒட்டி ஸெர்கெய் வினோகிராட்ஸ்கி என்ற ருஷ்ய விஞ்ஞானி மண்ணில் கண்டறிந்த இந்த ஏற்பாடுதான், உலகத்து மீன் தொட்டிகள் அனைத்தையும் காப்பாற்றி வருகிறது.

சிறுமியின் நோட்டுப் புத்தகத்தில் ஐந்து நாளைக்கு முந்தைய பக்கத்தில், "இன்று தொட்டியைச் சுத்தம் செய்தார்கள். பளபளவென்று அழகாக இருக்கிறது" என்று எழுதியிருந்தது. மறுநாள் அதிகாரி ஒருவர் பள்ளியைப் பார்வையிட வந்திருக்கிறார். விஷயம் விளங்கிவிட்டது.

விளங்கியதோடு ஒரு சங்கடமும் பிறந்தது. சுத்தம் செய்தவள் எங்கள் பள்ளிக்கூடத்து ஆயா. தினக்கூலிக்கு வேலை செய்கிறவள். மணலையெல்லாம் அலசி, பஞ்சைக் குழாய் நீரில் பிழிந்து பிழிந்து, வெள்ளையாகும் வரையில் கசக்கி, வெயிலில் உலர்த்தி வைத்திருக்கிறாள். குழாய் நீரிலுள்ள குளோரினும் சித்திரை வெயிலும் சேர்ந்தால் எந்த நுண்ணுயிர்தான் மிஞ்சும்? இதற்குள் பையன்கள், "ஆயாதான் மீனைக் கொன்றுவிட்டாள்" என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவள் அறைக்கு வெளியே துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு, உள்ளே வராமல் நின்றாள். தலைமை ஆசிரியர் விளக்கம் கேட்டு ஒரு காகிதம் எழுதப் போவதாகவும் தெரிந்தது. தினக்கூலிக்காரிக்கு அப்படி ஒரு காகிதம் போனால், அதற்கு அடுத்த காகிதம் என்னவென்று எல்லோருக்கும் தெரியும்.

நான் தலைமை ஆசிரியரிடம் போனேன். "பாத்திரம் துலக்குவதுபோல் துலக்கச் சொல்லி உத்தரவு, அவள் அப்படியே துலக்கியிருக்கிறாள். அவள் செய்தது குற்றமென்றால் சுத்தமே குற்றமென்று ஆகும். அழுக்கில் ஒரு நல்ல அழுக்கு உண்டு என்பது நாம் கற்றுக்கொடுக்க வேண்டிய பாடம், அவள் தானே தெரிந்துகொள்ளக் கூடியதல்ல" என்றேன். அவர் நியாயவான். சிறிது நேரம் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அதை மூடி வைத்தார்.

பிறகு சிகிச்சை தொடங்கியது. முதல் மருந்து லங்கணம். இரண்டு நாள் இரை கிடையாது. தீனி குறைந்தால் அம்மோனியாவும் குறையும். இரண்டாவது, தினமும் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றுவது. புது நீரை முதல் நாளே வாளிகளில் பிடித்து, காற்றுக் குமிழி விட்டு, குளோரின் போன பிறகே மெதுவாக ஊற்றினோம். மூன்றாவது, இரண்டாவதாக ஒரு காற்று யந்திரம். வேறு மருந்து ஒரு சொட்டும் இல்லை.

மூன்றாம் நாள் காலையில் ஒரு கெளுத்தி இறந்து கிடந்தது. படுத்திருந்தது அல்ல, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒன்று. சிறுமி ஒன்றும் பேசவில்லை. மாத்திரைக்கார நண்பர் மறுபடியும் குப்பியோடு வந்தார். "இன்னும் பிடிவாதமா ஸார்?" என்று கேட்டார். வகுப்பு முழுவதும் என் முகத்தைப் பார்த்தது. ஏதாவது ஒரு மருந்தைக் கொட்டிவிட்டால் மனசுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருக்கும் என்பதை நானும் உணர்ந்தேன். ஆனால் அந்த ஆறுதல் நமக்கே தவிர மீனுக்கு அல்ல. கிருமிக்கொல்லி விஷத்தை நீக்காது. மீண்டும் முளைக்கத் தொடங்கியிருக்கும் நல்ல நுண்ணுயிர்களையும் அது நாசம் செய்யக்கூடும். குப்பி திறக்கப்படவில்லை.

அன்று மாலை ஒரு மாணவன் தன் வீட்டுத் தொட்டியிலிருந்து, நோயற்ற மீன்களுடன் ஒரு வருஷமாக ஊறிய வடிகட்டிப் பஞ்சை ஈரத்தோடு கொண்டுவந்தான். அதை எங்கள் தொட்டியில் பொருத்தினோம். இரண்டு நாளில் பச்சை நிறம் வெளுக்க ஆரம்பித்தது. ஆனால் அம்மோனியா இறங்க, நைட்ரைட் ஏறி லிட்டருக்கு 2 மில்லிகிராமைத் தொட்டது. நைட்ரைட் இரத்தத்தில் புகுந்தால் இரத்தம் பழுப்பாகிப் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழக்கும். அமெரிக்காவில் கெளுத்திப் பண்ணை வைத்திருப்பவர்கள் இதை நன்றாக அறிவார்கள். அவர்கள் கையாளும் மாற்று சாதாரண உப்பு. உப்பிலுள்ள குளோரைடு, செவுள் வாசலில் நைட்ரைட்டை முந்திக்கொண்டு நுழைந்துவிடும். நைட்ரைட்டைப் போல் பத்து மடங்கு குளோரைடு இருந்தால் போதும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கின்படி எங்கள் 90 லிட்டருக்கு வேண்டியது 3 கிராம் உப்பு. அதாவது அரைத் தேக்கரண்டி! எதற்கும் இருக்கட்டுமென்று 9 கிராம் கரைத்து விட்டோம். ஒரு பிடி உப்பு சொன்ன நண்பர், "நான் அன்றைக்கே சொன்னேனே" என்று பெருமைப்பட்டார். மருந்து அவர் சொன்னதுதான். நோயும் நாளும் அளவுமே வேறு.

பத்தாம் நாள் சாய்ந்து கிடந்த கெளுத்தி எழுந்து மணலைத் துழாவியது. மீசை நுனி கொஞ்சம் குட்டையாகிவிட்டது, மற்றபடி குறையொன்றுமில்லை. சிறுமி நோட்டில், "இன்று ஐந்து பேரும் சாப்பிட்டார்கள்" என்று எழுதினாள். இறந்துபோன ஆறாவதுக்காக அந்தப் பக்கத்தில் ஒரு கோடு விட்டிருந்தாள்.

வீட்டில் மீன் வளர்க்கும் வாசகர்களுக்கு நான் சொல்லக் கூடியது இவ்வளவுதான். மீன் படுத்தால் மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். முதலில் நாற்காலி போட்டு உட்காருங்கள். பிறகு நீரைச் சோதியுங்கள். கடைசியாக நாலைந்து நாளில் தொட்டிக்கு என்ன நேர்ந்தது என்று விசாரியுங்கள். விசாரிக்கும்போது குற்றவாளியைத் தேட வேண்டாம், காரணத்தைத் தேடுங்கள். அதட்டிக் கேட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். உண்மை வராவிட்டால் மீன் பிழைக்காது.

இப்போது எங்கள் தொட்டியின் பராமரிப்பில் ஆயாவுக்கும் பங்கு உண்டு. தொட்டியிலிருந்து ஒரு வாளி நீரை எடுத்து, அதிலேயே பஞ்சை இரண்டு முறை லேசாக அமுக்கி, மறுபடி வைத்துவிடுவாள். ஜூலை மாதத்தில் வேறொரு அதிகாரி பார்வையிட வந்தார். பழுப்பேறிய பஞ்சைக் கண்டு முகம் சுளித்து, "இதைக் கழுவக் கூடாதா?" என்று கேட்டார். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் வாசலில் நின்ற ஆயா முந்திக்கொண்டாள்.

"அது அழுக்கு இல்லீங்க ஐயா. மீனுக்கு அதுதான் உசுரு" என்றாள்.

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் ஆயாவைப் பார்த்தேன். அதற்கு மேல் விளக்கம் சொல்ல எனக்கு ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.